தீராத கவலையும் மூளையின் நூற்சுற்றும்

கடன் கொடுத்தவருக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்த ஒருவர், கடன் தீர்ந்த பின்னும் நாலுபேர் முன் வரத் தயங்கினால், அவருக்கு மனத்திடம் இல்லையென்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விஷயம் அவ்வளவு எளிதன்று என எண்ணச் செய்யும் ஆராய்ச்சி ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து மருத்துவ சர்வகலாசாலை ஒன்றில் எரிக் நெஸ்ட்லர் என்னும் அறிஞரின் குழுவினர் அதனை நடத்தி, 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சாதுவான சுண்டெலி ஒன்றை, தன்னிலும் பெரிய முரட்டு எலியின் கூண்டில் சில நிமிஷம் விடுவார்கள். முரடன் அதனைத் துரத்தி அடக்கும். பின்னர் துளைகளுள்ள தடுப்பொன்றை இரண்டிற்கும் நடுவே வைப்பார்கள். இனி அடி விழாது. ஆயினும் பகைவனின் உருவமும் வாடையும் நாள் முழுவதும் விலகா. மறுநாள் வேறொரு முரடன். இவ்வாறு 10 நாட்கள். அதன்பின் அவ்வெலி வேற்றெலியைக் கண்டாலே மூலையில் ஒடுங்கும். வாரங்கள் சென்றும் அவ்வச்சம் நீங்குவதில்லை.

மூளைக்குள் நடந்தது என்ன? டி.என்.ஏ. என்னும் மரபு இழை, தாரில் நூல் சுற்றுவதுபோல், ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றப்பட்டுள்ளது. சுற்று இளகிய இடத்தில் மரபணு வேலை செய்யும். இறுகிய இடத்தில் அடங்கிக் கிடக்கும். நூல் ஒன்றே, சுற்றுதான் வேறு. தோற்ற எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில், நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எப். என்ற புரதத்திற்குரிய மரபணுவின் அருகே, ஹிஸ்டோன்களில் மெதைல் குறிகள் மிகுந்திருந்தன. அம்மரபணுவின் வேலையும் குன்றியிருந்தது.

மனச்சோர்வுக்குத் தரப்படும் இமிப்ரமின் என்ற மருந்தை நான்கு வாரம் கொடுத்தபோது வேலை மீண்டது. ஆனால் மெதைல் குறிகள் அழியவில்லை! மருந்து அதே இடத்தில் அசெட்டைல் என்ற வேறு குறிகளைக் கூட்டிச் சுற்றை இளக்கியதேயன்றி, பழையவற்றைத் துடைக்கவில்லை. நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது இதுவே.

எல்லா எலிகளும் ஒடுங்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே அடியைப் பட்டும் சில எலிகள் பிறவற்றோடு பழகின. அவை ஏதும் பாதிக்கப்படாதவை என்றே நாமும் நினைத்திருப்போம். 2007-இல் இக்குழுவினர் ஆராய்ந்தபோது, மூளையின் இன்பவழி தொடங்கும் பகுதியில், ஒடுங்கிய எலிகளைவிடத் தாங்கி நின்றவற்றிலேயே அதிகமான மரபணுக்கள் மாறியிருக்கக் கண்டனர். தாங்குவதும் மூளைக்கு ஓர் உழைப்பே போலும்.

எலியிற் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துதல் தகாது. எனினும் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. இறந்தோர் 36 பேரின் மூளைகளை அவர்கள் பரிசோதித்தனர். தற்கொலை செய்துகொண்டோரில், பிள்ளைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டும், கலக்கத்தை அடக்க உதவும் ஏற்பி ஒன்றின் மரபணுவில் மெதைல் குறிகள் மிகுந்து, அதன் வேலை குறைந்திருந்தது. அக்கொடுமையை அறியாது தற்கொலையால் மாண்டவர்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.