மேடைக்குப் பின்னே – 14: திஃப்லிஸ் பாட்டு வாத்தியார்

1892ஆம் ஆண்டு. இன்றைக்கு ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியை அப்போது திஃப்லிஸ் என்பார்கள். ரஷ்யப் பேரரசின் ஊர். அங்கே ஒரு வீட்டு வாசலில் பத்தொன்பது வயதுப் பையன் நிற்கிறான். நெடுநெடு உயரம், வற்றிய உடம்பு. ரயில்வே கணக்கு இலாகாவில் குமாஸ்தா வேலை பார்த்தவன். கசான் நகரத்து ஓபெரா குழுவொன்றில் சம்பளத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. கிளம்புமுன் இந்த ஊர் வாத்தியாரையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று வந்திருக்கிறான்.

முதலில் ஓடிவந்தவை பக் நாய்கள். பின்னாலேயே முறுக்கு மீசையுடன் குள்ளமாக, உருண்டையாக ஒரு மனிதர். நாடகத்தில் வரும் கொள்ளைக்காரன் மாதிரி இருந்தாராம். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாஸ் பாடகர் ஃபியோதர் ஷாலியாபின். மீசைக்காரர் திமித்ரி உசாத்தவ்.

உசாத்தவ் சாதாரண ஆள் இல்லை. பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் எவரார்டியிடம் பயின்ற டெனர். 1880களில் மாஸ்கோ போல்ஷோய் மேடை அவருடையது. சைகோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி ஒனேகின்’ முதலில் மாணவர்கள் பாடிய ஓபெரா. 1881இல் போல்ஷோய்க்கு வந்தபோது லென்ஸ்கியாகப் பாடியவர் உசாத்தவ். 1884இல் ‘மசெப்பா’ அரங்கேற்றத்திலும் அவர் உண்டு. 1887 ஜனவரியில் ‘செரெவிச்கி’. சைகோவ்ஸ்கியே வாத்தியக் குழுவை நடத்த, கொல்லன் வக்கூலாவாகப் பாடினார். 1889இல் போல்ஷோயை விட்டார். ரஷ்யாவில் இசைத்தட்டு வியாபாரம் தொடங்காத காலம் அது. லென்ஸ்கியை அவர் எப்படிப் பாடினார் என்று இன்று யாரும் கேட்டறிய முடியாது. திஃப்லிஸுக்கு வந்து பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பாடிக்காட்டு” என்று பியானோ முன் உட்கார்ந்தார். தன்னுடையது பாரிடோன் குரல் என்று பையனுக்கு நினைப்பு. ‘ஃபாஸ்ட்’ ஓபெராவில் வாலன்டைன் பாடும் பாட்டை எடுத்தான். உச்ச சுரத்தைப் பிடித்து அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசிப்பை நிறுத்திவிட்டு விலாவில் வலிக்கிற மாதிரி ஒரு குத்து குத்தினார் வாத்தியார். பையன் திகைத்துப் போனான். பாட்டுக் கற்கலாமா என்று தயங்கிக் கேட்டதற்கு, கற்றே ஆகவேண்டும் என்று பதில். கசான் பேச்சை விடு, இங்கேயே இரு, காசு வேண்டாம் என்றார். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. தெரிந்த மருந்துக்கடை முதலாளி ஒருவருக்குக் கடிதம் எழுதி மாதம் பத்து ரூபிள் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார்.

ஷாலியாபின் தன் நினைவுக்குறிப்புகளில் கூச்சமில்லாமல் எழுதியிருக்கும் இன்னொரு விஷயம்: உன்மேல் நாற்றம் அடிக்கிறது என்று வாத்தியார் முகத்துக்கு நேரே சொன்னாராம். சொன்ன கையோடு வீட்டம்மாவிடம் மாற்றுத் துணி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேசையில் கத்தி, முட்கரண்டி பிடிக்கக் கற்றதும் அந்த வீட்டில்தான்.

பாடம் மட்டும் கடுமை. மாணவனின் குரல் தளரும்போதெல்லாம் நெஞ்சில் தட்டி, “ஊன்று, ஊன்று” என்று கத்துவார். கைக்குச்சியும் சும்மா இருக்காது. எதை ஊன்றுவது, எதில் ஊன்றுவது என்று ஷாலியாபினுக்கு நெடுநாள் விளங்கவில்லை. மூச்சில்தான். விலாவை விரித்து வைத்து, உள்ளிழுத்த காற்றை ஒரேயடியாக விட்டுவிடாமல் வயிற்றுத் தசையால் கட்டுப்படுத்திச் சிக்கனமாகச் செலவழித்தால் தொண்டையை இறுக்க வேண்டியிருக்காது. மைக் இல்லாத அரங்கில் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் குரல் போகும். இத்தாலியப் பள்ளியின் அடிப்படை இது. அடித்துச் சொல்லிக்கொடுத்ததை நான் மெச்சவில்லை. விளக்கியிருந்தால் அந்தப் பையன் சீக்கிரமே பிடித்துக்கொண்டிருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தர வேறு வாத்தியார்களும் இருந்தார்கள். உசாத்தவை நான் உயர்த்தி வைப்பது முசோர்க்ஸ்கிக்காக. 1881இல் அரைகுறை அங்கீகாரத்தோடு செத்துப்போன இசையமைப்பாளர். இத்தாலிய மெட்டு என்றால் உயிரை விடும் மாணவர்களை வைத்துக்கொண்டு, உசாத்தவ் முதலில் ‘ரிகொலெட்டோ’ வாசித்துக் காட்டுவார். அழகுதான், ஆனால் பாத்திரத்தின் மனசு மேலோட்டமாகத்தான் தெரிகிறது என்பார். அடுத்து முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனவ்’. இங்கே ஒவ்வொரு ஆளின் மனசையும் இசையே வரைந்துவிடுகிறது என்று காட்டுவார். சக மாணவர்களுக்கு அது ரசிக்கவில்லை. ஷாலியாபினுக்கும் உடனே தெளிவு வந்துவிடவில்லை. இரண்டு பக்கமும் இழுபட்டார். ஆனால் விதை விழுந்துவிட்டது. நடிப்பையும் பாட்டையும் பிரிக்க முடியாதபடி அவர் பிற்காலத்தில் ஆக்கிய போரிஸ், இந்தப் பியானோவின் பக்கத்தில்தான் தொடங்கியது என்பது என் கணிப்பு.

கிட்டத்தட்ட ஒரே வருடப் படிப்பு. 1893 செப்டம்பரில் திஃப்லிஸ் மேடையில் ‘ஐதா’வின் பூசாரி ராம்ஃபிஸாக ஷாலியாபின் ஏறினார். அந்தப் பருவம் முழுக்கப் பாடி, 1894இல் உசாத்தவின் சிபாரிசுக் கடிதங்களோடு மாஸ்கோ போனார். வாத்தியாரின் பழைய வீடான போல்ஷோய் அப்போது அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, 1899இல்தான் அழைத்தது. 1901இல் மிலான் லா ஸ்காலா, 1908இல் பாரிஸில் போரிஸ். உசாத்தவ் இறந்தது 1913இல். சீடனின் இந்த ஏற்றங்களெல்லாம் அவர் உயிரோடிருந்தபோதே நடந்தவை. வேறு பாட்டு வாத்தியாரிடம் ஷாலியாபின் போகவில்லை. என் ஒரே ஆசிரியர் அவர்தான் என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

போல்ஷோய்க்கு முன்னால், 1896இல், ரயில்பாதை போட்டுப் பணம் சேர்த்த ஒரு கோடீஸ்வரர் தன் சொந்த ஓபெராவுக்கு ஷாலியாபினை இழுத்துக்கொண்டார். பெயர் சாவா மாமன்தவ். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)