மாலையில் திரும்பும் கோழி

நாட்டுக்கோழியைப் பற்றிப் பேச்செடுத்தால் விடுதி நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வேலியில்லை, கயிறில்லை, காலையில் திறந்துவிட்ட கோழி ஏன் ஓடிப்போய்விடுவதில்லை? சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரொன்றில் கோழிகளுக்கு நடுவே வளர்ந்தவன், இப்போது விலங்கியல் பயில்பவன் என்ற இரு உரிமைகளோடும் விடை கூற முற்படுகிறேன்.

இது எங்களுக்கு வேடிக்கைக் கேள்வியன்று. எங்கள் வீட்டில் கோழி என்பது அம்மாவின் சிறுவாட்டுப் பணம். என் முதற்பருவத் தேர்வுக் கட்டணம் மூன்று சேவல்களின் விலையே. அது மட்டுமா? நம் கோழி அடுத்தவர் நாற்றங்காலைக் கிளறிவிட்டால், பல்லாண்டுக் காலப் பழக்கம் ஒரே காலையில் முறிந்துபோகும்.

வீட்டுக்கோழியின் மூதாதை, ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. பகலில் தரையைக் கிளறி மேய்ந்து, இரவில் மரக்கிளையில் அடைவது அதன் இயல்பு. கோழியின் விழித்திரையில் பகலொளிக்குரிய கூம்புச் செல்கள் மிகுதி. மங்கிய ஒளிக்குரிய கோல் செல்கள் குறைவு. எனவே இருட்டுமுன் பழகிய அடைவிடத்தை எட்டியாக வேண்டும். ஆகவே கோழியைப் பிடித்து வைத்திருப்பது வேலியன்று, அந்தியே என்பேன். அடைய ஓர் இடம் அதன் மனத்தில் பதிந்துவிட்டால், பகலில் அது வெகுதூரம் போகாது.

அந்த இடத்தைப் பதியவைப்பதில்தான் அம்மாவின் திறமை இருக்கிறது. சந்தையில் வாங்கிய கோழியை வந்த அன்றே திறந்துவிடமாட்டார். ஒரு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்தோ, காலில் துணிக்கயிறு கட்டியோ அடைவிடத்தருகிலேயே தீனி வைப்பார். பிறகு ஒரு நாள் மாலையில், இருட்ட ஒரு நாழிகை இருக்கும்போது அவிழ்த்துவிடுவார். தொலைவு போக அதற்கு நேரமிராது. நாள்தோறும் பொழுது சாயும் வேளையில் 'பா, பா' என்று அழைத்து நொய்யரிசி இறைப்பதும் தவறாது. காலையில் வயிறு நிறையத் தீனி போடுவது வீண் செலவு என்பது அவர் கொள்கை. மாலைத் தீனிதான் வீட்டுக்கு இழுக்கும்.

அந்த நொய்யை ஒரே குவியலாகக் கொட்டாமல் முற்றமெங்கும் இறைப்பதற்கும் காரணமுண்டு. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை இருப்பதை நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பே 1921-இல் எழுதினார். குவியலாகக் கொட்டினால் வரிசையில் கடைசியிலிருக்கும் பெட்டைக்கு ஒரு மணியும் கிட்டாது. அது பிறகு அடுத்த வீட்டுக் குப்பைமேட்டைத் தேடிப் போகும். அம்மா அந்த நார்வேக்காரரைக் கேள்விப்பட்டதில்லை!

கோழி திரும்பினாலும் முட்டை திரும்புவதில்லை. அடுத்தவர் வைக்கோற்போரில் இட்டுப் பழகிவிட்டால் மாற்றுவது கடினம். கூடையில் வைக்கோல் பரப்பி, அடையாள முட்டை ஒன்றை எடுக்காமல் விட்டு வைப்போம். காலையில் விரலால் தொட்டுப் பார்த்து, முட்டை இருக்கும் கோழியை மட்டும் இடும்வரை கவிழ்த்து வைப்போம். ஒரு முட்டை உருவாக ஒரு நாளைக்குச் சற்று அதிகமாகவே ஆகும். அதனால் இடும் நேரம் நாளுக்கு நாள் பின்தள்ளும். நேற்றுக் காலையில் இட்ட கோழி இன்று நண்பகல் வரை காத்திருக்க வைத்தால் வியப்பில்லை.

குஞ்சுகளுக்குத் தாயே வேலி. பருந்தின் நிழல் விழுந்ததும் அவள் எழுப்பும் ஒலியில் அவை சிறகடியில் ஒண்டிக்கொள்ளும். கீரிக்கும் பூனைக்கும் இரவில் பஞ்சாரத்தின்மேல் ஒரு கல் போதும்.

கல்லுக்கு அடங்காதது வெள்ளைக்கழிச்சல். இன்றைய உத்தரகண்டிலுள்ள ராணிக்கேத் என்னும் மலையூரின் பெயரால் நூல்களில் வழங்கும் நச்சுயிரி நோய் இது. தெருவில் ஒரு வீட்டுக் கோழி தலை தொங்கினால், கலந்து மேயும் மற்ற வீட்டுக் கோழிகளும் சில நாட்களில் மடியும். மருந்து இல்லை, தடுப்பு உண்டு. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. ஆனால் ஒரு குப்பி நூறு கோழிகளுக்கும் மேல் வரும். கலக்கியபின் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கி என்ன செய்வது? எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டார் சேர்ந்து, நாற்றங்கால் சண்டையில் பேசாதிருந்தவர்கள் உட்பட, ஒரு குப்பியைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, அந்தி சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகே கலக்குகிறோம். பகலில் துரத்தினால் பாதிதான் அகப்படும். அடைந்த கோழியை அரிக்கேன் வெளிச்சத்தில் பூப்போல எடுத்துவிடலாம்.