அடுத்த குழந்தைக்கு இடைவெளி: பிரசவத்துக்கு முன்பே பேசுவோம்

 

பேறுகால உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வந்த ஒரு சகோதரியின் இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. வயிற்றில் நான்கு மாதம். இரத்த சோகையால் முகம் வெளுத்திருந்தது. "பால் கொடுக்கிற வரைக்கும் தங்காதுன்னு மாமி சொன்னாங்க" என்றார். மாமி சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தாய்ப்பால் கருத்தரிப்பைத் தடுப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 100 பெண்களில் 98 பேருக்குப் பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் அதை நம்பியிருக்க முடியாது. அந்தச் சகோதரி மூன்றாம் மாதமே புட்டிப்பால் தொடங்கியிருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு, "இன்னும் மாதவிடாய் வரவில்லையே" என்று இருப்பதும் தவறு. மாதவிடாய் வருமுன்பே கரு தங்கிவிடலாம்.

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இழந்த இரத்தமும் சத்தும் தாயின் உடலில் மீண்டும் சேர அவகாசம் வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை போன்ற ஆபத்துகள் கூடுகின்றன.

"மார்க்கம் இதை அனுமதிக்கிறதா?" என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்ற காலத்தைத் திருக்குர்ஆன் (2:233) குறிப்பிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதன் அடிப்படையில், கணவன் மனைவி இருவரும் சம்மதித்துத் தற்காலிக முறைகளால் இடைவெளி விடுவதை ஆலிம்கள் பலர் அனுமதிக்கின்றனர். தக்க மருத்துவக் காரணமின்றி நிரந்தரக் கருத்தடை செய்வதை ஆலிம்கள் பலர் கூடாது என்கின்றனர்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் தற்காலிக முறைகள்:

காப்பர் டி: பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றால் அறுவை சிகிச்சையின்போதே பொருத்தலாம். தவறினால் ஆறு வாரத்துக்குப் பிறகு. வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டுகள் பயன்தரும். வேண்டாமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடுதலாக இருக்கலாம்.

அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாலூட்டும் தாய் ஆறு வாரத்துக்குப் பின் போடலாம். நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகலாம்.

சாயா மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஹார்மோன் இல்லாதது, பாலூட்டும் தாய்க்கு ஏற்றது.

ஆணுறை: கணவர் பொறுப்பேற்கும் முறை. தாய்ப்பாலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

தினசரி சாப்பிடும் மாலா-என் மாத்திரையைப் பாலூட்டும் தாய் முதல் ஆறு மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும்.

ஊசியாலும் காப்பர் டியாலும் உதிரப்போக்கு முன்பின்னாக மாறலாம். இது ஹைளா, இஸ்திஹாளாவா, தொழலாமா, நோன்பு வைக்கலாமா என்ற குழப்பம் வரும். வெட்கப்படாமல் ஓர் ஆலிமாவிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்தக் குழப்பத்தால் மட்டும் சிகிச்சையைப் பாதியில் விட வேண்டாம்.

இவற்றையெல்லாம் பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அவரோ வெளிநாட்டில் இருப்பார். 48 மணி நேரம் கடந்துவிடும். அல்லது புரியாமலே ஒரு தாளில் கையெழுத்து விழும். இரண்டும் வேண்டாம். ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் பேசுங்கள். முடிவைப் பரிசோதனை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பெண்ணின் சம்மதமின்றி எதையும் பொருத்த யாருக்கும் உரிமையில்லை. மறுப்பதும் அவருடைய உரிமை.

கணவர்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் வருமுன்பே போனில் இதைப் பேசிவிடுங்கள். இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். மாமிமார்களே, மருமகளுடன் ஒருமுறை நீங்களும் பரிசோதனைக்குச் சென்று கேளுங்கள்.

நம்மிடம் வந்த சகோதரிக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சத்துணவும் ஏற்பாடு செய்துள்ளோம். அவருக்கு இந்த விவரம் ஓராண்டு முன்பே கிடைத்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் கர்ப்பமாக இருக்கும் சகோதரிக்கு இந்த இதழைப் படித்துவிட்டுக் கொடுங்கள். தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.