பதிலை நம்பிப் புறப்படும் அட்டைகள்

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று வகுத்தனர் நம் முன்னோர். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று சொல்லிப் போகின்றான். கார் வருகின்றது; அவனைக் காணவில்லை. "இது பருவ மழையன்று, காலந்தப்பிப் பெய்யும் மழை" என்று சொல்லித் தலைவியைத் தேற்றுகின்றாள் தோழி. அத்தோழியின் தொழிலை இந்நாளில் எவரேனும் செய்து வருகின்றனர் என்றால், அவர்கள் தபாற் கந்தோரின் கருமபீடத்துக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்களே ஆவர். "கொழும்புப் பை இன்னும் வரவில்லை, நாளைக்கு வந்து பாருங்கள்" என்னும் அவர்களது தேறுதல் மொழியைக் கேளாதார் வன்னி நாட்டில் மிகச் சிலர். முல்லையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் முல்லைத்தீவும், அதனை அடுத்த கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களும் காத்திருத்தலை வேறெவரிடமும் கற்க வேண்டியதில்லை.

இவ்வாறு காத்திருப்போருள் ஒருசாராரைப் பற்றியே இங்கு எழுதக் கருதினோம். அவர்கள் வெளிநாட்டாருடன் தபாலட்டை பரிமாறிக்கொள்ளும் பொழுதுபோக்கினர். முகமறியாத ஒருவருக்குத் தம்மூர்ப் படம் ஒன்றையும் நான்கு வரியையும் எழுதி அனுப்புதல். முகமறியாத மற்றொருவரிடமிருந்து அவ்வண்ணமே ஒன்றைப் பெறுதல். பொழுதுபோக்கு முழுவதும் இவ்வளவே. முத்திரை சேர்ப்போர் பணம் கொடுத்தும் முத்திரை வாங்கலாம். அட்டைக்காரருக்கோ, கையெழுத்தும் திகதி முத்திரையும் படிந்து, கடல் கடந்து வந்த அட்டையே அட்டை. கடையில் வாங்கியது அவருக்கு வெறுங் காகிதம்.

இப்பொழுதுபோக்குக்கு இக்காலத்தில் பேர்பெற்ற அமைப்பாக விளங்குவது போஸ்ட்குரொஸ்ஸிங். போர்த்துக்கல் தேசத்து மாணவர் ஒருவர் 2005ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இணையத்தில் இதனைத் தொடங்கினார். உறுப்பினர் ஒருவர் முகவரி கேட்டால், உலகின் எம்மூலையிலோ உள்ள மற்றோர் உறுப்பினரின் முகவரியும் ஓர் இலக்கமும் கிடைக்கும். அவ்விலக்கத்தை அட்டையில் எழுதி அனுப்புதல் வேண்டும். பெற்றவர் அதனைப் பதிவு செய்தவுடன், அனுப்பியவரின் முகவரி மூன்றாமவர் ஒருவர் கைக்குப் போகும். நாம் அனுப்பியவரிடமிருந்து நமக்கு அட்டை வருவதில்லை, வேறெங்கிருந்தோ வரும். நமது ஊர்களில் திருமண வீட்டுக்கு எழுதும் மொய் திரும்பி வருமாறு போல, கொடுத்த இடம் வேறு, பெறும் இடம் வேறாயினும், கணக்கு மட்டும் தப்பாது.

கணக்குத் தப்பாது என்னும் இந்த நம்பிக்கை புதியதன்று. தபாலட்டை என்பதே 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி ஒஸ்திரிய-ஹங்கேரியில் முதன்முதல் வெளிவந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 1874இல், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருபத்திரண்டு நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையிலிருந்து சர்வதேசத் தபாற் சங்கம் பிறந்தது. நமது இலங்கை 1877இல் அதிற் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையில் ஓர் அரிய ஏற்பாடு உண்டு. வெளிநாட்டுக் கடிதத்துக்கு ஒட்டிய முத்திரையின் பணம் முழுவதையும் அனுப்பிய நாடே வைத்துக்கொள்ளும். அதனைச் சுமந்து சென்று வீட்டு வாசலிற் கொடுக்கும் நாட்டுக்கு ஒரு சதமேனும் இல்லை. இஃது என்ன நீதி என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் எழுதப்படும், அப்பதிலுக்கான முத்திரைப் பணம் மறுபக்கத்தாருக்குச் சேரும், ஆகவே ஈற்றில் கணக்குச் சமப்படும் என்பதே அதற்கு அவர்கள் கண்ட நியாயம். ஏறக்குறைய நூறாண்டு காலம், 1969இல் தோக்கியோவிற் கூடிய மாநாடு அதனை மாற்றும் வரை, உலகத் தபால் இந்த எண்ணத்தின்மீதே நடந்தது. இராசதந்திரிகள் கூடி எழுதிய உடன்படிக்கைகளுள், மனிதன் பதில் எழுதுவான் என்று நம்பி எழுதப்பட்டது இதுவொன்றே போலும்!

1906இல் உரோமாபுரியிற் கூடிய மாநாடு ஒருபடி மேலே போய், சர்வதேச மறுமொழிக் கூப்பன் என்னும் சீட்டினை ஏற்படுத்தியது. கடிதத்துடன் அதனை வைத்து அனுப்பினால், பெறுபவர் தம் நாட்டுத் தபாற் கந்தோரில் அதனைக் கொடுத்துப் பதிற் கடிதத்துக்கு வேண்டிய முத்திரையைப் பெற்றுக்கொள்ளலாம். சிற்றலை வானொலி நேயர்களுக்கு இக்கூப்பன் நன்கு பழக்கமானது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், உங்கள் ஒலிபரப்பு இவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நேயர் எழுத, அதனை உறுதி செய்து நிலையத்தார் வண்ணப்பட அட்டை ஒன்றை அனுப்புவர். பீக்கிங் வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய பின்னர், தமிழிலேயே எழுதித் தமிழிலேயே மறுமொழி பெறும் வாய்ப்பும் கிட்டியது. பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதிகளும் இவ்வழக்கத்தை வளர்த்தன. வெளிநாட்டு முத்திரை ஒட்டிய உறை ஒன்று வந்தால், அது கிராமப் பாடசாலையில் வகுப்பு முழுவதும் கைமாறிப் போன காலம் அது.

அக்காலத்தில் வன்னிக்குத் தபால் வந்த வழி எளிதாகச் சொல்லத்தக்கது. கொழும்பிற் கட்டிய பை, வடபகுதிப் புகையிரதத்தில் இரவோடிரவாக வவுனியாவையும் கிளிநொச்சியையும் வந்தடையும். முல்லைத்தீவுக்கு இருப்புப்பாதை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாங்குளத்திலிருந்தோ பரந்தனிலிருந்தோ கிழக்கே திரும்பும் தெருவே அதற்கு வழி. ஆகவே முல்லைத்தீவார்க்கு எப்பொழுதும் ஒருநாள் பிந்தித்தான் உலகம் விடிந்தது.

பின்னர் வந்த காலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இதனைப் படிப்பவருட் பலர் அதனூடே நடந்து வந்தவர்கள். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. கண்டி வீதி அடைபட்டது, 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. மின்கலங்கள் வன்னிக்கு வராத நாள்களில், துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் நம் மக்கள். உலகம் பேசுவதைக் கேட்க முடிந்தது. அதற்குப் பதில் எழுதினால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்வாரில்லை. உறவினரின் சேமம் அறிய உதவியவற்றுள் ஒன்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தார் சுமந்து சென்ற திறந்த மடல். அதிற் குடும்பச் செய்தியன்றி வேறெதுவும் எழுதலாகாது. பொழுதுபோக்குக்காக அட்டை அனுப்புதல் என்பது அந்நாளில் நினைக்கவும் கூசும் ஆடம்பரம்.

எனினும், அட்டைக்காரருக்கு அக்காலம் இழைத்த கேடு தாமதம் மட்டுமன்று. முகவரி இல்லாமற் போயிற்று. 1995இன் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள், அடுத்த ஆண்டே அங்கிருந்தும் பெயர்ந்தனர். 2009இல் வன்னி முழுவதுமே கடற்கரையை நோக்கிப் பெயர்ந்து, பின் செட்டிகுளத்து முகாம்களிற் போய் முடிந்தது. தபாலட்டையில் அனுப்பியவரின் முகவரியை எழுதும் வழக்கம் பெரிதும் இல்லை. பெறுநரைக் காணாத அட்டையைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் அட்டை எழுதியிருப்பார். அது போய்ச் சேரவில்லை என்பதையும் அறியார். இலங்கை நண்பர் மறந்துவிட்டார் என்றே எண்ணியிருப்பார். இங்கிருந்தவரோ, அவர்தாம் தம்மை மறந்தார் என்று எண்ணியிருப்பார். இருவரும் குற்றமற்றவர், இருவருக்கும் மனக்குறை. தபால் தாமதத்தின் கொடுமை யாது என்று கேட்பார்க்கு இதனையே யாம் காட்டுவோம். பிந்தி வரும் அட்டைக்காக ஓராண்டும் காத்திருக்கலாம். காத்திருக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று அறியாதிருத்தலே பொறுத்தற்கரியது.

நிற்க. 2013 செப்ரெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை வந்தடைந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடியது. வன்னிக்கு முகவரிகள் திரும்பின. ஆயின் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வன்னி கண்ட அனுபவத்தை உலகம் முழுவதும் ஒருங்கே காண நேர்ந்தது. கொள்ளை நோய்க்கு அஞ்சி நாடுகள் தம் வாயில்களை அடைத்தபோது தபாலும் ஏன் நின்றது என்று பலர் வியந்தனர். காரணம் மிக எளிது. வெளிநாட்டுக் கடிதங்களுக்கென்று தனி விமானம் பெரும்பாலும் இல்லை. பிரயாணிகள் செல்லும் விமானத்தின் வயிற்றில், அவர்களுடைய பெட்டிகளோடு பெட்டியாகவே தபாற் பைகள் செல்கின்றன. பிரயாணி இல்லையேல் விமானம் இல்லை. விமானம் இல்லையேல் தபாலும் இல்லை. நமது தபாற் பகுதியும் வெளிநாட்டுத் தபாலை ஏற்பதை நிறுத்தியது. ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் உள்ள அட்டைக்காரர்கள் அன்று பெரிதும் மனங்கலங்கினர். வவுனியாவுக்கு வடக்கே இருந்தவருக்கோ இது பழைய பாடம்.

அதன் பின்னரும் இடையூறுகள் தொடர்ந்தன. 2022இல் நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த ஆண்டில், உள்நாட்டுச் சாதாரண கடிதத்தின் கட்டணம் பதினைந்து ரூபாவிலிருந்து ஐம்பது ரூபாவாக உயர்ந்தது. 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு வாரத்தில் அது முடிந்தது. ஒரு வார வேலைநிறுத்தந்தானே என்று கொழும்பிலுள்ளார் கூறலாம். மத்திய தபால் பரிமாற்றகத்தில் ஒரு வாரம் குவிந்தது, பிரித்துக் கட்டி வடக்கே ஏற்றப்பட்டு, வவுனியாவிலிருந்து தெருவழியே புதுக்குடியிருப்பின் உப தபாற் கந்தோரை அடைய, அவ்வொரு வாரம் எத்தனை வாரமாகும் என்பதை வழியின் கடைக்கோடியில் இருப்பவனே அறிவான். வாய்க்காலின் தலைமடையில் நீர் ஒருநாள் நின்றால் கடைமடை வயலுக்குப் பல நாட்கள் நீர் இல்லை. இரணைமடுக் குளத்து உழவரைக் கேட்டால் சொல்வர்.

இங்குதான் போஸ்ட்குரொஸ்ஸிங் விதிகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு சிறிது வழக்காட வேண்டியிருக்கின்றது. அட்டை ஒன்று அறுபது நாட்களுள் போய்ச் சேர்ந்து பதிவாகாவிடின், அது காலாவதியானதாகக் கணக்கில் எழுதப்படும். தொடக்கத்தில் ஓர் உறுப்பினர் ஒரே வேளையில் ஐந்து அட்டைகளை மாத்திரமே வழியில் வைத்திருக்கலாம். ஒன்று சேர்ந்தாலோ காலாவதியானாலோ தான் அடுத்த முகவரி கிடைக்கும். பேர்லின் நகரத்து மாணவி ஒருத்தி ஐந்து அட்டைகளைப் பெட்டியில் இடுகின்றாள் என்று கொள்வோம். இரண்டு மூன்று வாரங்களில் அவை சேர்ந்துவிடும். அவள் மேலும் எழுதுவாள். அவளுக்கு உரிய எண்ணிக்கையும் உயரும். முள்ளியவளை மாணவி ஒருத்தியும் அதே நாளில் ஐந்து அட்டைகளை இடுகின்றாள். அவை கொழும்பில் ஒருமுறையும், விமான நிலையத்தில் ஒருமுறையும், போகும் நாட்டில் ஒருமுறையும் தங்கித் தங்கிச் செல்ல, இரண்டு மாதம் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இருவர் எழுத்திலும் ஆர்வத்திலும் வேற்றுமையில்லை. இருப்பிடம் ஒன்றே வேற்றுமை. விரைந்த தபாலுள்ள நாட்டார் தம் நாட்டு நாட்காட்டியைக் கொண்டு உலகம் முழுவதையும் அளந்த அளவு இது என்று கூறின் தவறாகாது.

அமைப்பினரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. தபால் அறவே நின்ற நாடுகளுக்கு முகவரி கொடுப்பதை அவர்கள் நிறுத்தி வைக்கின்றனர். காலாவதியான அட்டையும் ஓராண்டுக்குட் சேர்ந்தாற் பதிவாகும். அனுப்பியவருக்கு உரிய அட்டையும் வரும். குறை யாதெனின், முற்றாக நின்ற தபாலுக்கு விதி உண்டு, மெல்ல நடக்கும் தபாலுக்கு விதியில்லை என்பதே. அமைப்பு எதுவுமின்றி இருவர் தமக்குள் நேரே பரிமாறிக்கொள்ளும்போதோ நிலை இன்னும் சங்கடமானது. அங்கு விதியும் இல்லை, நடுவரும் இல்லை. 'நான் அனுப்பிவிட்டேன்' என்னும் சொல்லொன்றே சாட்சி. அறுபது நாள் கழிந்தபின் அச்சொல்லை நம்புவார் எத்தனை பேர்?

ஆதலின் வன்னி மாணவர்க்கும், அவர்களை இப்பொழுதுபோக்கில் ஈடுபடுத்த விரும்பும் ஆசிரியர்க்கும் சிலவற்றைச் சொல்லி வைப்பது பயன்தரும். அட்டையின் தலைப்பில் எழுதிய திகதியைத் தெளிவாக இடுதல் வேண்டும். திகதி முத்திரை பல வேளைகளில் மை மங்கி வாசிக்க முடியாமற் போகின்றது. இயலுமாயின் தெருவோரப் பெட்டியில் இடாது, தபாற் கந்தோருக்கே கொண்டு சென்று, கண்முன் முத்திரை குத்துவித்தல் நன்று. கேட்டால் மறுப்பவர் மிகச் சிலர். தம் முத்திரை பிறநாட்டுக்குப் போவதில் அவர்களுக்கும் ஒரு பெருமை உண்டு. அனுப்பியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்க வேண்டும். தம் பெயரையும் ஊரையும் ஒரு மூலையிற் சிறிதாக எழுதுவதும் தகும்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளேற்றே கொம்பனியார் காலந்தொட்டு இலங்கைப் பட அட்டைகள் என்றால் கண்டிப் பெரஹராவும், காலிமுகத் திடலும், தேயிலை மலையுந்தாம். வன்னியின் படம் கடையிற் கிடைப்பது அரிது. நந்திக்கடலையும், வற்றாப்பளைப் பொங்கலையும், வைகாசி வெயிலிற் காய்ந்து வெடித்த குளத்தரையையும் மாணவர் தாமே வரைந்து அனுப்பலாம். ஒன்பது சென்ரிமீற்றர் அகலமும் பதினான்கு சென்ரிமீற்றர் நீளமும் உள்ள தடித்த மட்டையாயின் தபாற் சங்கத்தின் அளவுக்குக் குறைவிராது.

ஓராண்டு கடந்து வரும் அட்டையை என் செய்வது என்று கேட்பாரும் உளர். நத்தார் வாழ்த்து அடுத்த ஆண்டுச் சித்திரைக்கும் அப்பால் வந்து சேரலாம். அதற்குள் அதன் இலக்கம் கணக்கிலிருந்து நீங்கியிருக்கும்; பதிவு செய்ய வழியில்லை. அட்டையில் அனுப்பியவரின் முகவரி இருக்குமாயின், வந்த திகதியைக் குறிப்பிட்டு ஒரு வரி அவருக்கு எழுதிவிடலாம். அவ்வரி போய்ச் சேர மேலும் இரண்டு மாதம் செல்லக்கூடும்.