கை வீசினால் கோபமா?

ஓடும் ரயிலில் அமர்ந்து ஒரு பந்தை மேலே எறிந்து பிடிக்கிறீர்கள். உங்களுக்கு அது நேராக மேலே போய் நேராகக் கீழே வருகிறது. தண்டவாளத்தின் ஓரமாக நிற்பவருக்கோ அது வளைந்த பாதையில் செல்கிறது. யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரியே! எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் இயக்கத்தை விவரிக்க முடியாது. இதைத்தான் இயற்பியலில் குறிப்பாயம் என்கிறோம்.

மனிதரின் உடல் அசைவுகளைப் பார்ப்பதற்கும் இப்படி ஒரு குறிப்பாயம் உண்டு. நடன சிகிச்சை பயில்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அது என்ன நடன சிகிச்சை? 1942-இல் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். பேச்சால் நெருங்க முடியாத நோயாளிகளின் அசைவுகளைக் கவனித்து, தாமும் அவ்வாறே அசைந்து, அவர்களோடு உறவை ஏற்படுத்தினார். 1966-இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தோன்றியது.

அசைவைக் கவனிக்க ருடால்ஃப் லாபன் (1879–1958) வகுத்த முறை இத்துறையில் பெரிதும் பயன்படுகிறது. ஒருவர் கையை உயர்த்துகிறார். வலுவாகவா, மென்மையாகவா? சட்டென்றா, நிதானமாகவா? நேராகவா, சுற்றி வளைத்தா? தடையின்றியா, அடக்கியா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பார்த்தே விடை சொல்லலாம். ஆனால் "அவர் கோபமாக இருக்கிறார்" என்று சொன்னால், அது பார்த்தது ஆகாது, நாம் ஊகித்தது.

ஊகம் எங்கே தவறுகிறது? 1941-இல் டேவிட் எஃப்ரான் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நியூயார்க்கில் குடியேறிய இரு பிரிவினரின் கையசைவுகளை அவர் ஒப்பிட்டார். தென் இத்தாலியர் தோளை அச்சாகக் கொண்டு கை முழுவதையும் வீசிப் பேசினர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களோ மேற்கையை உடலோடு ஒட்டி வைத்து, முழங்கையை அச்சாகக் கொண்டு முன்கையை மட்டும் அசைத்தனர். அமெரிக்க வாழ்வோடு கலந்துவிட்ட அவர்களின் வழித்தோன்றல்களிடம் இந்த வேறுபாடு பெரிதும் மறைந்திருந்தது! அசைவு இரத்தத்தில் வருவது என்று நாஜிகள் கூறிவந்த காலம் அது. அது சூழலிலிருந்து வருவது என்று இந்த ஆய்வு காட்டியது.

ஆகவே, கையை அகல வீசும் ஒருவரைப் "பதற்றக்காரர்" என்று பயிற்சியாளர் குறித்துவிட்டால், நோய் இல்லாத இடத்தில் நோயைக் கண்டதாகிவிடும். நம் ஊரில் ஆசிரியர் முன் மாணவன் கண்ணைத் தாழ்த்தி நிற்பது மரியாதை. அமெரிக்காவில் அதையே, எதையோ மறைப்பதாகச் சிலர் எண்ணக்கூடும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஒருவரின் சம்மதத்துடன், அவர் பேசுவதை ஒரு நிமிடம் கவனியுங்கள். தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கண்டதையும் மறுபக்கம் நினைத்ததையும் எழுதுங்கள். பிறகு இரண்டாம் பக்கத்தை அவரிடமே காட்டிக் கேளுங்கள். எத்தனை சரி, எத்தனை தவறு? உங்கள் குறிப்பாயம் எது என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.