வீக்கம் வற்றினால் காயம் ஆறியதாகுமா?

இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கினால் பாடசாலைகளில் காயங்களும் கூடவே வந்துவிடும். எமது பாடசாலையில் தரம் 10 மாணவர் ஒருவர் 200 மீற்றர் ஓட்டப் பயிற்சியின்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்றிரவே வீட்டில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டிருக்கிறார்கள். வீக்கம் வற்ற மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள், "இப்ப வலி இல்ல சேர்" என்று வந்து நின்றார். நானும் ஓடவிட்டேன். அதே இடம் மறுபடியும் கிழிந்தது. தவறில் எனக்கும் பங்கிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வீக்கத்தை நாம் நோயாகவே பார்க்கிறோம். ஆனால் திருத்த வேலை தொடங்கிவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். தசை கிழிந்த சில மணித்தியாலங்களுக்குள் நியூட்ரோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் அங்கு குவிந்து, சிதைந்த நார்களை அகற்றத் தொடங்குகின்றன. ஓரிரு நாட்களில் அவை குறைய, மெக்ரோபேஜ் எனும் விழுங்கு கலங்கள் பெருகுகின்றன. முதலில் இவற்றுக்கும் துப்புரவு வேலைதான். மூன்று, நான்கு நாட்கள் சென்றதும் இவற்றின் போக்கே மாறிவிடுகிறது. அழற்சியைத் தணித்து, கட்டும் வேலைக்குத் துணைநிற்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகவே சொல்லும்.

தசை நார்களின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் ஒருவகை மூலக் கலங்களை 1961இல் அலெக்சாண்டர் மவ்ரோ என்பவர் கண்டறிந்தார். காயத்தில் விழித்தெழும் இவையே பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதிய நாராகின்றன. அதற்கான சைகைகளைக் கொடுப்பது மெக்ரோபேஜ்கள். எலிகளில் இக்கலங்கள் காயத்துக்கு வந்துசேராமல் தடுத்துப் பார்த்தபோது தசை ஒழுங்காக மீளவில்லை.

ஆகவே முதல் நாட்களில் அழுத்தி உருவுவது உள்ளே குருதிக் கசிவைக் கூட்டும். அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளோ வலியை மறைத்துவிடும். இவற்றை வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ், மெல்லிய இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவை போதும். கால் ஊன்றவே முடியாவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வலி சில நாட்களில் போய்விடலாம். நார் வலுப்பெற வாரங்கள் செல்லும்.

அந்த மாணவர் இப்போது மெதுவாக நடக்கிறார். வலயமட்டப் போட்டியைப் பற்றி அவரது வாப்பா கேட்டார். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.