புயல் அடித்த மறுநாள்... அள்ளிப் போடும் முன் கவனியுங்கள்!

'வீட்டுக்கடன் கொடுக்கும்போதே வங்கியில் இன்சூரன்ஸ் பிடித்துவிட்டார்கள். புயலில் வீடு சேதமானால் பணம் கிடைக்குமா?' என்று வேதாரண்யம் பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பயிர்க் கேள்விகளுக்கு நடுவே வந்த இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. காரணம், என் அக்கா வீடு.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டின் பின்கட்டு மீது தென்னை விழுந்தது. சமையலறையின் ஷீட் கூரை நொறுங்கிவிட்டது. முன்கட்டில் பாதி ஓடுகள் பறந்துவிட்டன. கரண்ட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீடாயிற்றே என்று அத்தான் இரண்டே நாளில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டார். உடைந்த ஷீட் குழிக்குப் போனது, கைமரம் அடுப்புக்குப் போனது. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தபோது அவர் பார்த்தது புது ஷீட் போட்ட சமையலறையைத்தான். போதாக்குறைக்கு, அந்தச் சமையலறை கடன் வாங்கிய பிறகு கட்டியது, பாலிசியிலேயே இல்லை. ஓட்டுக்குக் கொஞ்சம் வந்தது. சமையலறைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. பயிர்ச் சேதம் கணக்கெடுக்க ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த நான், சொந்த அக்காவிடம் 'எதையும் அள்ளாதீர்கள்' என்று சொல்ல மறந்துபோனேன்.

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். கடனோடு சேர்த்துப் பிடிக்கும் இன்சூரன்ஸ் பல நேரங்களில் கடன் வாங்கியவரின் உயிருக்கானது. அவர் இறந்தால் கடன் அடையும். ஓடு பறந்தால் எதுவும் வராது. ஆகவே வங்கியில் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கான பாலிசிதானா, கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் சாமானுக்கும் சேர்த்தா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். இதை ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே செய்துவிடுவது நல்லது.

புதிதாக எடுப்பவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம், மரம் விழுவது எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களுக்கும், கட்டடத் தொகையில் 20 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு உண்டு. இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும் இழப்புத் தொகையில் 2 சதவிகிதம் வரை கேட்கலாம். பழைய பாலிசிகளில் ஒரு சிக்கல் உண்டு. 10 லட்சம் ரூபாய் வீட்டை 5 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். புதிய பாலிசியில் அந்தக் கழிவு கிடையாது. தொகையைக் கட்டுமானச் செலவை வைத்துத்தான் போட வேண்டும். மனை விலையைச் சேர்க்கக் கூடாது.

பெரும்பாலான தகராறு, வீட்டை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் வரும். சுவரோ கூரையோ கீற்று, வைக்கோல், மூங்கில், பலகை, தார்ப்பாய் என்றிருந்தால் அது 'கச்சா' கட்டடம். ஏஜென்ட் அவசரத்தில் 'பக்கா' என்று டிக் அடித்துவிடுவார். நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவோம். மாட்டுக்கொட்டகை தானாக வீட்டோடு சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விண்ணப்பத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். விற்பனைக்காக வீட்டில் அடுக்கிய நெல் மூட்டை வீட்டுச் சாமான் ஆகாது. உளுத்த கைமரம், வருஷக்கணக்காக ஒழுகும் கூரை என்றால் 'தேய்மானம்' என்று தள்ளிவிடுவார்கள். அதனால் கூரையைச் சீர் செய்த பில்லையும், நல்ல நிலையில் இருக்கும் கூரையின் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள்.

புயல் ஓய்ந்ததும் முதல் வேலை போட்டோ. தெருவிலிருந்து முழு வீடு, கதவு எண் தெரிகிற மாதிரி ஒன்று. பிறகு சேதமான ஒவ்வோர் இடமும். மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் கட்டுங்கள். அது நம் கடமையும்கூட. பில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், சர்வேயர் பார்க்கும் வரை புதுக் கூரை வேண்டாம். வழியை அடைக்கும் மரத்தைப் போட்டோ எடுத்த பிறகு வெட்டுங்கள். உடைந்த ஓடு, ஷீட், கைமரத்தை ஓரமாகக் குவித்து வையுங்கள். சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நினைத்து, வி.ஏ.ஓ. வந்து எழுதிப் போனதோடு வேலை முடிந்தது என்று இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வி.ஏ.ஓ. எழுதுவது அரசு நிவாரணத்துக்கு. காப்பீட்டு நிறுவனத்துக்கு நாம்தான் தனியாகத் தகவல் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பதிவு எண்ணை வாங்கி எழுதி வையுங்கள்.

டவர் விழுந்து தகவல் தாமதமானால் பயப்பட வேண்டாம். தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

நிராகரித்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு மனு கொடுங்கள். 155255 என்ற ஆணையத்தின் எண்ணிலும் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அக்கா வீட்டில் நிராகரிப்புக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தபோது அந்த ஓராண்டும் ஓடிவிட்டிருந்தது.

கேள்வி கேட்ட சகோதரி, வங்கிக்குப் போகும்போது வீட்டு வரி ரசீதையும் கொண்டுபோங்கள். ஊராட்சியில் கதவு எண் மாற்றியிருப்பார்கள். பாலிசியில் பழைய எண்ணே இருக்கும். வேறாக இருந்தால் அன்றைக்கே திருத்தம் எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.